விரதம்... மருந்தா, வேண்டுதலா?

சமீப காலமாக உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு அடிபட்டிருக்கும் வாசகியரே! 'நம்ம பெரியவங்க ஒண்ணும் முட்டாள் இல்லை. மாசத்துக்கு ரெண்டு ஏகாதசி பட்டினி கிடக்கச் சொன்னது எதுக்குன்னு நினைச்சீங்க? எல்லாம் மூளைக்குத்தான். மறதி வியாதியே வராதாம். வெளிநாட்டுக்காரனே இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்கான்!' என்று கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது யாராவது ஒரு மாமா ஆரம்பிப்பார். (பெரும்பாலும் அவர்தான் பாயசத்தை இரண்டாவது தடவை கேட்டு வாங்குவார் என்பது வேறு விஷயம்!)

கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. கூடவே இரண்டு கேள்விகளும் எழுகின்றன. அந்த மாமா சொல்வது உண்மையா என்பது ஒன்று. உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், மூளைக்கு நல்லது என்பதற்காகக் கிடக்கும் பட்டினி விரதம் ஆகுமா என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது கேள்வி பட்டிமன்றத் தலைப்பு போலத் தோன்றலாம். ஆனால், வீட்டில் மறதி நோய் வந்த பெரியவர் ஒருவர் இருந்தால், இதே கேள்வி தட்டும் டம்ளருமாக நம் சமையலறைக்கே வந்து நின்றுவிடுகிறது.

முதல் கேள்வியை முதலில் பார்த்துவிடலாம்.

1935-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே என்பவரும் அவருடைய சகாக்களும் எலிகளுக்கு ஒரு சோதனை வைத்தார்கள். சத்துகளில் குறை வைக்காமல், சாப்பாட்டின் அளவை மட்டும் குறைத்தார்கள். வயிறு முட்டச் சாப்பிட்ட எலிகளைவிட, அளவாகச் சாப்பிட்ட எலிகள் அதிக காலம் உயிரோடு இருந்தன. பல வருடங்களுக்குப் பிறகு, முதுமை பற்றி ஆராய்கிற அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்றில் மார்க் மேட்சன் என்ற நரம்பியல் விஞ்ஞானி, ஒரு நாள் சாப்பாடு, ஒரு நாள் பட்டினி என்று எலிகளைப் பழக்கி, அவற்றின் மூளையைக் கவனித்தார். நச்சுப் பொருளைச் செலுத்தியபோது, பட்டினிக்குப் பழகிய எலிகளின் மூளைச் செல்கள் அவ்வளவு சீக்கிரம் சாகவில்லை!

எப்படி? விரலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சுடுகிறதல்லவா? அதை 'அழற்சி' என்பார்கள். உள்ளே புகுந்த கிருமியோடு உடம்பு நடத்தும் சண்டை அது. சண்டை முடிந்ததும் வீக்கம் வடிந்துவிட வேண்டும். நம் மூளையிலும் இதற்கென்றே 'மைக்ரோகிளியா' என்ற செல்கள் இருக்கின்றன. சின்னக் கோயில்களில் வாசல் காவலையும் பிராகாரம் பெருக்கும் வேலையையும் ஒருவரே பார்ப்பாரே, அந்த மாதிரி. கிருமி வந்தால் விரட்டுவதும் குப்பை சேர்ந்தால் அள்ளுவதும் இவர்கள் பொறுப்பு. அல்ஸைமர் என்கிற மறதி நோயில் குப்பை மலைபோலச் சேர்ந்துவிடுகிறது. காவலரும் பதற்றத்தில் கையிலிருக்கும் கம்பைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறார். அடி, பக்கத்தில் நிற்கும் நல்ல செல்களின் மேலும் விழுகிறது. இதுதான் மூளை அழற்சி.

பட்டினி கிடக்கும்போது என்ன ஆகிறது? கல்லீரலில் சேர்த்து வைத்திருந்த சர்க்கரை தீர்ந்ததும், உடம்பு கொழுப்பை எடுத்து 'கீட்டோன்' என்ற மாற்று எரிபொருளைத் தயாரிக்கிறது. மூளை அதையும் ஏற்றுக்கொள்ளும். அந்தக் கீட்டோன்களில் ஒன்று, அழற்சியைக் கிளப்பிவிடும் ஒரு விசையை அடக்குகிறது என்று 2015-ல் எலிகளிடம் கண்டுபிடித்தார்கள். இன்னொன்றும் நடக்கிறது. மாசக் கடைசியில் மளிகை தீர்ந்துபோனால், பரணில் உள்ள டப்பாக்களையெல்லாம் குடைந்து, பழசை எடுத்துச் சமைத்து, வண்டு விழுந்ததைக் கொட்டி, அலமாரியையே சுத்தம் செய்துவிடுவோமே... செல்களும் அப்படித் தங்கள் பழைய, பழுதான பாகங்களைத் தாங்களே கரைத்து மறுபடி பயன்படுத்துகின்றன. 'ஆட்டோஃபேஜி' என்ற இந்த வேலை நடக்கும் விதத்தைக் கண்டறிந்ததற்காக ஜப்பானைச் சேர்ந்த யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, மாமா சொன்னது சரிதானே என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்!

எலிக்குப் பலித்ததெல்லாம் மனிதருக்குப் பலிப்பதில்லை. குண்டாக இல்லாத, ஆரோக்கியமான மனிதர்களை அமெரிக்காவில் 2 வருடம் உணவைக் குறைத்துச் சாப்பிட வைத்துப் பார்த்தார்கள். நான்கில் ஒரு பங்கு குறைக்க வேண்டும் என்பது இலக்கு. அதில் பாதியளவுதான் அவர்களால் முடிந்தது. அப்படியும் ரத்தத்தில் அழற்சியின் அடையாளங்கள் குறைந்தன. நல்ல சேதிதான். ஆனால், அது ரத்தத்தில் பார்த்தது. மறதி வருகிறதா, இல்லையா என்று சொல்ல 2 வருடம் எப்படிப் போதும்?

2023-ல் வெளியான இன்னொரு ஆய்வில், குடும்பத்தில் மறதி நோய் இருந்த, 65 வயதைத் தாண்டிய 604 பேரை 3 வருடம் கவனித்தார்கள். ஒரு தரப்புக்கு மூளைக்கு நல்லது என்று கருதப்படுகிற கீரை, கொட்டைகள், ஆலிவ் எண்ணெய் என்று தனி உணவுத் திட்டம். மறு தரப்புக்கு வழக்கமான சாப்பாடு. இரு தரப்புக்குமே அளவைக் கொஞ்சம் குறைத்தார்கள். முடிவில் இரு தரப்பாரின் நினைவுத்திறனும் சற்றே கூடியிருந்தது. இருவருக்கும் நடுவே குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை! அந்தச் சிறு முன்னேற்றம் அளவைக் குறைத்ததால் வந்ததா, ஒரே மாதிரிப் பரீட்சையைத் திரும்பத் திரும்ப எழுதிப் பழகியதால் வந்ததா... பிரித்துச் சொல்ல வழியில்லை.

மூளை நோய்களில் உணவுக் கட்டுப்பாடு நிஜமாகவே மருந்தாக நிற்கும் இடம் ஒன்று உண்டு. அது வலிப்பு நோய். பட்டினி கிடந்தால் வலிப்பு குறைகிறது என்று கவனித்த மருத்துவர்கள், அதே பலனைச் சாப்பாட்டின் மூலமே வரவழைக்க 1921-ல் கொழுப்பு மிகுந்த, மாவுச்சத்து மிகக் குறைந்த உணவு முறை ஒன்றை வகுத்தார்கள். மாத்திரைக்கு அடங்காத வலிப்புள்ள குழந்தைகளுக்கு அது இன்றும் கொடுக்கப்படுகிறது. டாக்டரும் உணவு நிபுணரும் கூடவே இருந்து, கிராம் கணக்கில் நிறுத்துத் தருவார்கள். நம் இஷ்டத்துக்குச் செய்யும் காரியம் இல்லை.

மறதி நோயைத் தள்ளிப்போட என்னென்ன செய்யலாம் என்று 2024-ல் மருத்துவ நிபுணர் குழு ஒன்று 14 காரணங்களைப் பட்டியல் போட்டது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கெட்ட கொழுப்பு, காது கேளாமை, கண் பார்வைக் குறைவு, புகை, மது, தனிமை, மனச்சோர்வு என்று நீளும் அந்தப் பட்டியலில் பட்டினி பற்றி ஒரு வரிகூட இல்லை. மாமியாருக்குக் காது மந்தமாக இருந்தால், காது மெஷின் வாங்கிக் கொடுப்பதற்கு இன்றைக்கு இருக்கும் ஆதாரம், ஏகாதசிக்கு இல்லை. உள்ளதைச் சொல்லத்தானே வேண்டும்?

இன்னொரு வேடிக்கை. நம்மில் பலர் இருப்பது பட்டினியா என்ன! சாதம் மட்டும்தான் கிடையாது. காலையில் இட்லி, மத்தியானம் ஜவ்வரிசி உப்புமா, சாயங்காலம் ரவா தோசை, இடையிடையே காபி. பழத்தை ஆகாரமாகக் கொள்வது 'பலாஹாரம்'. அதுதான் 'பலகாரம்' ஆயிற்று என்பார்கள். பழம் போய்விட்டது. பெயர் மட்டும் நெய்யில் பொரிந்துகொண்டிருக்கிறது! இதில் கீட்டோனாவது, ஆட்டோஃபேஜியாவது...

சரி, இரண்டாவது கேள்விக்கு வருவோம்.

பலனை எதிர்பார்த்து விரதம் இருப்பது தப்பே இல்லை. நம் விரதங்களில் பாதிக்கு மேல் பலனுக்காகத்தான். குழந்தைக்காக சஷ்டி, கணவருக்காக காரடையான் நோன்பு. 'நல்ல புத்தி கொடு' என்று கேட்கலாம் என்றால், 'நினைவு தப்பாமல் வை' என்று கேட்பதில் என்ன குற்றம்? ஆனால், பகவானிடம் கேட்பது வேறு, விரதத்தையே மாத்திரை ஆக்குவது வேறு. மருந்து என்று சொல்லிவிட்டால், மருந்துக்கு உள்ள எல்லாச் சட்டமும் அதற்கும் பொருந்தும். எவ்வளவு, யாருக்கு, எத்தனை நாள், பக்க விளைவு என்ன என்று கேட்க வேண்டும். பலன் இல்லை என்றால் நிறுத்தியும்விட வேண்டும். நாளைக்கே ஓர் ஆய்வு வந்து 'பட்டினியால் மூளைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை' என்று சொன்னால், அந்த மாமா ஏகாதசியை விட்டுவிடுவாரா? விடமாட்டார் என்றால், அவர் இருந்தது மூளைக்காக இல்லை. விட்டுவிடுவார் என்றால், அவர் இருந்தது விரதமே இல்லை. 'உபவாசம்' என்ற சொல்லுக்கே 'அருகில் வசிப்பது' என்றுதான் பொருள். யார் அருகில் என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டுமா!

இந்த வித்தியாசம் எங்கே உறைக்கும் என்பதற்கு, எனக்குத் தெரிந்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 100-க்கு 7 பேருக்கு மேல் மறதி நோய் இருப்பதாக, 2023-ல் வெளியான கணக்கு சொல்கிறது. ஏறத்தாழ 88 லட்சம் பேர். அவர்களில் ஒருவர் இந்த வீட்டு மாமியார். 50 வருடமாக ஏகாதசி தவறாதவர். தசமி இரவே சாப்பாட்டை நிறுத்தி, துவாதசி காலையில் யாராவது ஒருவருக்கு இலை போட்டுப் பரிமாறிய பிறகே பாரணை செய்வார்.

நோய் முற்ற ஆரம்பித்தபோது ஏகாதசி எல்லா நாளும் வந்துவிட்டது! "இன்னிக்கு ஏகாதசி இல்லையா?" என்று தட்டைத் தள்ளுவார். அரைமணி கழித்து, "இந்த வீட்டுல எனக்குச் சோறே போடறதில்லை" என்று பக்கத்து வீட்டில் சொல்வார். மருமகள் தினசரி காலண்டரைக் கழற்றிப் பீரோவில் ஒளித்து வைத்தார். "இல்லை அத்தை, இன்னிக்கு சப்தமி" என்று பொய் சொன்னார். நிஜமான ஏகாதசியிலும் அதே சப்தமிதான்! அந்தப் பொய் அவரை ராத்திரி தூங்கவிடவில்லை. போதாக்குறைக்கு, "பட்டினி மூளைக்கு நல்லதாமே, பேசாம அவங்க இஷ்டப்படி விடு. வியாதியே குறையலாம்" என்று உறவில் ஒருவர் யோசனை சொன்னார். நான்கு மாதத்தில் மாமியாரின் ரவிக்கையெல்லாம் தொளதொள என்று ஆகிவிட்டது.

இங்கேதான் அறைகுறை விஞ்ஞானம் ஆபத்தாகிறது. மறதி நோய் வந்தவர்களுக்கு உடம்பு இளைப்பது, நோயோடு சேர்ந்து வரும் தொல்லை. அவர்களைப் பட்டினி போடுவது, எரிகிற விளக்கில் எண்ணெயை வடிப்பதற்குச் சமம். உடம்பு எடையில் மூளை நூற்றுக்கு 2 பங்குதான். ஆனால் சக்தியில் 20 பங்கை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. அந்த அம்மாளுக்குச் சர்க்கரை நோயும் உண்டு. மாத்திரையையோ இன்சுலினையோ போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால், சர்க்கரை சரேலென்று இறங்கும். குழறல், தடுமாற்றம், மயக்கம் எல்லாம் வரும். பார்ப்பவர்கள் 'மறதி ஜாஸ்தியாகிவிட்டது' என்று நினைத்துக்கொள்வார்கள். உங்கள் வீட்டில் சர்க்கரைக்கு மருந்து சாப்பிடும் யாரானாலும், விரதத்துக்கு முன்பே டாக்டரைக் கேட்டுவிடுங்கள். விரதத்தன்று மயங்கி விழுந்த பிறகு கேட்பதில் பிரயோஜனம் இல்லை.

சரி, அந்த மருமகள் பொய் சொல்லித்தான் ஆக வேண்டுமா? சாஸ்திரம் தெரிந்த ஒரு பெரியவர்தான் முடிச்சை அவிழ்த்தார். ஏகாதசி 8 வயதுக்கு மேல், 80 வயதுக்குள் உள்ளவர்களுக்கு என்று தர்மசாஸ்திர நூல்களே வரம்பு கட்டியிருக்கின்றன. மாமியாருக்கு 77 வயதுதான். அதனால் அந்த வரம்பு உதவவில்லை. ஆனால், மகாபாரதத்தின் உத்தியோக பர்வத்தில் விதுரர், விரதத்தைக் கெடுக்காதவை என்று 8 விஷயங்களைச் சொல்கிறார். தண்ணீர், கிழங்கு, கனி, பால், ஹவிஸ், அந்தணரின் விருப்பம், குருவின் வார்த்தை, எட்டாவதாக மருந்து!

விதுரர் அந்த வீட்டுக்கே மெனு எழுதிக் கொடுத்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். "ஆமாம் அத்தை, இன்னிக்கு ஏகாதசிதான். துளசி தீர்த்தம் எடுத்துக்குங்க. இந்தாங்க பால், வாழைப்பழம், வேகவைச்ச சர்க்கரைவள்ளிக்கிழங்கு. டாக்டர் மருந்தா சாப்பிடச் சொல்லியிருக்கார்." எவ்வளவு கிழங்கு, எந்தப் பழம் என்பதை டாக்டரிடம் கேட்டே முடிவு செய்தார்கள். பொய் போயிற்று. காலண்டர் மறுபடி ஆணிக்கு வந்தது.

துவாதசி நேரம் கடப்பதற்குள் பாரணை செய்தாக வேண்டும், விருந்தாளியான துர்வாசரோ நதிக்குப் போனவர் திரும்பவில்லை என்று தவித்த அம்பரீஷ மகாராஜா, பெரியோரைக் கேட்டு ஒரு வாய் தண்ணீர் மட்டும் பருகினாரே... பாகவதத்தில் சக்கரம் துரத்தியது, தண்ணீர் குடித்த ராஜாவை அல்ல. கோபப்பட்ட முனிவரைத்தான்!

இதோடு முடிந்திருந்தால் நானும் நிறுத்தியிருப்பேன். ஒரு வருடம் போயிற்று. ஏகாதசி என்ற சொல்லே மாமியாருக்கு மறந்துவிட்டது. வைகுண்ட ஏகாதசியன்று டி.வி-யில் ஸ்ரீரங்கத்துப் பரமபதவாசல் திறப்பைப் பார்த்துக்கொண்டே, "தயிர் சாதம் இருக்கா?" என்று கேட்டார். அந்த வீட்டு அடுப்பில் ஏகாதசிக்கு அரிசி ஏறி 50 வருடம் ஆகிறது. பாலும் கிழங்கும் கொடுத்தால் துப்பினார். மறுபடி மறுபடி தயிர் சாதம்.

மகன் மறுத்தார். "அம்மா தெளிவா இருந்தா இதைத் தொடுவாங்களா? அவங்களுக்குத் தெரியலேங்கறதுக்காக, 50 வருஷமா காப்பாத்தினதை நாம கெடுக்கறதா?" என்றார். இதை லேசில் தள்ள முடியாது வாசகியரே. நினைவு போன பிறகு, அந்த மனுஷியின் விருப்பம் எது? அன்றைக்கு உறுதியோடு சொன்னதா, இன்றைக்குப் பசித்துக் கேட்பதா? நாளைக்கு எனக்கே இப்படி ஆனால், நான் காப்பாற்றிய நியமங்களை மற்றவர்கள் கைகழுவிவிடக் கூடாது என்றுதான் எனக்கும் தோன்றும்.

ஆனாலும் நான் மருமகள் பக்கம்தான். விரதத்துக்கு உயிர் சங்கல்பம். 'இருக்கிறேன்' என்று மனம் சொல்ல வேண்டும். சொல்வதற்கு மனம் இல்லாதபோது அது விரதம் இல்லை, வெறும் பசி. பசியைப் பொறுப்பது தவம் செய்பவரின் வலிமை. அதைவிடப் பெரியது அந்தப் பசியைப் போக்குபவரின் வலிமை என்று வள்ளுவர் ஈகை அதிகாரத்தில் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார். அன்றைய அம்மாவைத்தான் கேட்பேன் என்று மகன் பிடிவாதம் பிடித்தாலும்கூட, அந்த அம்மா யார்? ஒருவருக்குப் பரிமாறாமல் தன் பாரணையைத் தொடாதவர்! பசி என்று வாசலில் நின்ற ஒரு கிழவியை அவர் 'இன்று ஏகாதசி' என்று திருப்பி அனுப்பியிருப்பாரா?

கால் டம்ளர் அரிசி வைத்துக் குழையக் குழையத் தயிர் சாதம் பிசைந்து ஊட்டினார் மருமகள். மாமியாரின் ஏகாதசிக்கும் வழி இருந்தது. உடம்பு முடியாதவருக்காக வேறொருவர் விரதம் இருக்கலாம் என்று சாஸ்திரம் அனுமதிக்கிறது. மகன், மனைவி, கணவர், உடன்பிறந்தோர், நண்பர் என்று அந்த வரிசை போகிறது. வழக்கம்போல அந்தப் பெண்தான் "நானே இருந்துடறேன்" என்றார். ரத்தசோகைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் அவர்! 'வரிசையில் மகனும் இருக்கிறாரே...' என்று அந்தப் பெரியவர் போனில் நினைவுபடுத்த, மகன் கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

அன்று முழுக்க அவர்தான் பட்டினி. மறுநாள் துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி, சுண்டைக்காய் வற்றல். மூவரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். கீரைக்குத் தேங்காய் போதவில்லை என்றாராம் மாமியார்.